முனி இரவல் கேட்ட கோடாலி

பகலவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவன் அப்பா. மூடநம்பிக்கை இருட்டை விரட்டப் பிறந்தவன் என்று மேடை போட்டு, மைக் பிடித்து வைத்த பெயர். அப்பேர்ப்பட்ட பகலவன் வளர்ந்து, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கேசட் கடை போட்டான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாட்டுப் பதிந்து கொடுத்தான். மிஞ்சிய நேரத்தில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பேய் பார்த்தவர்களைத் தேடினான்.

பேய் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. 'விளங்கா அனுபவக் காப்பகம்' என்றுதான் சொல்வான். லெட்டர் பேடுகூட அச்சடித்து வைத்திருந்தான். காப்பகம் என்பது கடைக்குப் பின்கட்டில் இருந்த அவன் வீட்டு இரும்பு பீரோ. அவன் மனைவி கமலாவின் கல்யாணப் புடவைகள் டிரங்குப் பெட்டிக்குக் குடி போக, அந்த இடத்துக்குக் கேசட்டுகள் குடி வந்தன.

காப்பகத்துக்கு விதிகள் இருந்தன. சொன்னதைச் சொன்னபடி வைக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பல்லை நெம்பி உடைத்துவிடுவான். பல் போன கேசட்டின்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அடுத்த விதி அவன் அப்பா சொல்லிவிட்டுப் போனது. "ஒருத்தன் சொன்னா அது கத. ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா, சரி, உக்காந்து யோசிக்கலாம்" என்று அவர் மகனைக் கிண்டல் செய்தார். மகன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். பீரோவின் மேல்தட்டில் 'தனி' என்று சீட்டு ஒட்டினான், கீழ்த்தட்டில் 'உறுதி' என்று ஒட்டினான். ஒருவர் மட்டும் சொன்னது தனி. இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போனால் உறுதி.

வருஷக்கணக்கில் அலைந்தும் உறுதித் தட்டு காலியாகவே கிடந்தது. சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் கமலாவுக்குக் கை சும்மா இருக்காது. அதில் வடகமும் கூழ்வத்தலும் டப்பாவில் போட்டு அடுக்கிவிட்டாள்.

அவன் என்ன செய்வான், சாட்சிகள் அப்படி. நைனார்பாளையத்தில் கரும்புக் காட்டோரம் நின்ற வெள்ளைச் சேலைக்காரிக்குக் கால் இல்லை என்றார் ஒருவர். அவரோடு போன மச்சான், கொலுசுச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். கால் இல்லாமல் கொலுசை எங்கே மாட்டியிருந்தாள் என்பதில் மாமனுக்கும் மச்சானுக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. சங்கராபுரம் பஸ் கண்டக்டர் ஒருவர், தன்னிடம் டிக்கெட் வாங்கிய ஓர் அம்மாள் ஓடுகிற வண்டியிலேயே மறைந்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். டிரைவரிடம் கேட்டதற்கு, "அந்த டிக்கெட்டு காசு எங்கன்னு கணக்குல கேட்டாங்க பாரு, அப்பதான்யா அந்த அம்மா மறைஞ்சுது" என்றார்.

கல்வராயன் மலைக்குப் போனால் நிச்சயம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஜீப்பில் தொற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனான். அங்கே அம்மாசி என்பவர் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே பேட்டி கொடுத்தார்.

"ராத்திரில மலமேல வெளிச்சம் தெரியுதாமேங்க?"

"தெரியும்."

"அது இன்னாங்க?"

"கொல்லைக்கு நெருப்பு வெச்சிருப்பாங்க."

"காட்டுக்குள்ள யாரோ கூப்புடுற சத்தம் கேக்குமாமே?"

"கேக்கும். மாட்ட தேடிக்கினு போனா நாங்கதான் கூப்புட்டுக்குவோம்."

"அப்ப உங்களுக்கு விளங்காதது ஒண்ணுமே இல்லியா?"

அம்மாசி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "இருக்குது. போன எலெக்சனப்ப ரோடு போடணும்னு சங்கிலி புடிச்சி அளந்தாங்க. கல்லு நட்டாங்க. கோழி அடிச்சி சாப்ட்டாங்க. அந்த ஆளுங்க அப்புறம் எங்க போனாங்கன்னுதான் இன்னிக்கும் வெளங்கல."

பகலவன் அதையும் பல்லை உடைத்துத் தனித் தட்டில் வைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் எண்பத்தேழாம் வருஷம் சாலை மறியல் வந்தது. இட ஒதுக்கீட்டில் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அந்தப் பக்கத்துப் பெரும்பான்மைச் சாதியின் சங்கம் ஒரு வாரத்துக்கு மறியல் அறிவித்தது. ரோட்டில் பாறாங்கல் உருண்டது, மரங்கள் சாய்ந்தன, பஸ் ஓடவில்லை. வேறு சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. அதனால் வாரம் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகும், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் ஊர்களில் ஆண்கள் கொல்லைப் பக்கம் போய்விடுவார்கள்.

சங்கராபுரம் ரோட்டில் நெடுந்தாங்கல் என்ற ஊருக்குப் போகிற நிறுத்தத்தை மூணுபுளி என்பார்கள். மறியலின் முதல் நாள் விடிந்தபோது அங்கே இரண்டு புளியமரம்தான் நின்றது. மூன்றாவது ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அடிக்கட்டையில் ஒரு கோடாலி குத்தி நின்றது. போலீஸ் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனது. இப்போது வெட்டினது யார் என்று வீடு வீடாக விசாரித்தது.

ஒருநாள் காலையில் பகலவன் கடை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லர் நிறைய ஆண்கள். எல்லாரும் சலவை வேட்டி. முதலில் இறங்கியவர் நெடுந்தாங்கல் பொன்னுரங்கம். மணியக்காரர் வேலையை அரசாங்கம் ஒழித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அவரை மணியக்காரர் என்று கூப்பிடுவதை ஊரில் யாரும் ஒழிக்கவில்லை.

"தம்பி, முனி, காத்து கருப்பு இதெல்லாம் எழுதி வெக்கிறது நீதானா?"

"எழுதுறதில்லீங்க. பதிஞ்சி வெக்கிறேன்."

"பதிஞ்சது கோர்ட்டுல செல்லுமா?"

"கோர்ட்டுக்கு இல்லீங்க. ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சின்னா இன்னும் நல்லது. புடி."

மணியக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். அன்று ராத்திரி அவருக்கு வயிறு சரியில்லை. வெளிக்குப் போக ரோட்டோரம் வந்தார். மூணுபுளியில் ஓர் உருவம் நின்றது, பனைமரம் உயரம். அதன் கையில் கோடாலி. மூன்றே வெட்டு. மரம் சாய்ந்தது. கோடாலியைக் கட்டையில் குத்திவிட்டு அது தெற்கே பார்த்து நடந்துபோய்விட்டது. "அந்த மரத்து முனிதான் தம்பி. அதுக்கு இன்னா கோவமோ" என்று முடித்தார்.

அடுத்தவருக்கும் அன்று ராத்திரி வயிறு சரியில்லை. பனைமர உயரம், மூன்று வெட்டு, தெற்கே நடந்தது, எல்லாம் அட்சரம் பிசகவில்லை. ஆனால் மணியக்காரரைவிடத் தான் நாலு அடி முன்னால் நின்றதாகச் சொன்னார். மூன்றாவது ஆளுக்கு அது பொறுக்கவில்லை. "எம்மேல செராயே தெறிச்சுது. இவரு எனக்குப் பின்னாடி நின்னாரு" என்றான். நாலாவது ஆளிடம் முனி நெருப்புப் பெட்டி கேட்டதாம். அவன் கொடுத்தானாம். கொடுத்ததைத் தன் பங்காளி பார்த்தானாம். பங்காளியும் டிரெய்லரில் இருந்தான். அவனும் இறங்கி வந்து, பார்த்ததாகச் சொன்னான். இப்படி முப்பது பேர். அன்று ராத்திரி நெடுந்தாங்கலில் வயிறு சரியாக இருந்த ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை.

பகலவன் பல்லை உடைக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி விரலில் குத்தியது. அது அவனுக்கு உறைக்கவே இல்லை. டிராக்டர் போனதும் பின்கட்டுக்கு ஓடி, உறுதித் தட்டிலிருந்து வடகத்தை எடுத்துத் தரையில் வைத்தான்.

கமலா திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "இன்னாங்க, ஊரே ஒண்ணா எழுந்து வெளிய போயிருக்குது. இதான் விளங்காத அனுபவம். இத மொதல்ல பதிங்க."

"முப்பது பேரு கமலா. முப்பது பேரு ஒரே மாதிரி பொய் சொல்லணும்னா ஒத்திக பாக்கணும். வெவசாயிங்களுக்கு அதுக்கு ஏது நேரம்?"

"ஒரு வாரம் ரோட்டுலதான உக்காந்துக்கினு இருந்தாங்க? வேற இன்னா வேல?"

அவன் காதில் அது விழவில்லை. அப்பாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றான். யோசிங்க இப்போ, என்று அவரிடம் சொல்வது போல இருந்தது அவன் முகம்.

இரண்டு நாள் கழித்து நெடுந்தாங்கல் காலனியிலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். கடைக்குள் வராமல் படிக்குக் கீழே நின்றாள். பகலவன் உள்ளே வந்து உட்காரச் சொன்னான். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுக்காரரு சடையன டேசன்ல வெச்சிருக்காங்க சார். அந்த கோடாலி அவுருதுதான். காம்புல மூணு கோடு போட்டிருப்பாரு, ஊருக்கே தெரியும்."

சடையன் மரம் வெட்டுகிறவன். சூளைக்கு விறகு, வீட்டுக்கு விட்டம், எதுவானாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மரத்தை வெட்டினால், வெட்டிய கோடாலியை அன்று வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அடிக்கட்டையிலேயே குத்தி வைத்து, ஒரு ராத்திரி கழித்துத்தான் எடுப்பார்கள். மரத்தில் குடியிருந்தது எதுவோ அது கோடாலியைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்து, பிள்ளைகுட்டிகளிடம் வேலையைக் காட்டிவிடும் என்று பயம். முப்பது பேர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடியபோது, சடையன் மட்டும் நின்று, கோடாலியை ஒழுங்காகக் குத்தி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். போலீசுக்கு அதைவிட நல்ல கையெழுத்து வேறு கிடைக்காது.

இதையெல்லாம் சின்னப்பொண்ணு சொன்னாள். மணியக்காரர் வந்து கூப்பிட்டதையும் சொன்னாள்.

"இது கெவர்மெண்டு மரங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு சார். 'உங்களுக்குத்தான் முன்னாடியே ஒதுக்கி வெச்சிட்டாங்களேடா, எங்களுக்கும் கெடைக்க ஒரு கை குடேன்'னாரு மணியக்காரரு. எங்களுக்கு ஒதுக்கினது இந்த கோடாலிதான்னு சொல்ல வாய் வரல அவுருக்கு. போயிட்டாரு."

பகலவன் தலையைச் சொறிந்தான். "முப்பது பேரு முனிதான்னு சொல்றாங்களேம்மா."

"அத நான் கேக்கலாமா சார்?"

கேட்கலாம். காப்பகம் பொது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் ஒருமுறை நிறுத்தினான். "நிறுத்தாதீங்க சார், அந்த நெருப்புப் பொட்டிய இன்னொருதரம் போடுங்க" என்றாள். போட்டான்.

முப்பதும் முடிந்தது.

"வெள்ளிக்கெழம பெரிய அதிகாரி வராராம். அதுக்குள்ள ஒரு ஆள காட்டணுமாம். இன்னும் கேசு எழுதல சார், எழுதிட்டா கடலூர் ஜெயிலுதான். மூணு புள்ளைங்க." கேசட் அடுக்கைப் பார்த்தாள். "நான் ஒருத்தி சொல்றதும் அவுங்க முப்பது பேரு சொல்றதும் உங்க பீரோவுல ஒண்ணா ஆவுமா?"

பகலவன் பொய் சொல்லத் தெரியாதவன். "ஆகாதும்மா. நீ சொல்றது தனி. அவுங்க சொல்றது உறுதி."

"அப்ப அவுங்க சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்கும் இப்பதான் ஞாவகம் வருது. என்னுதயும் புடிங்க."

பட்டனை அழுத்தினான். சின்னப்பொண்ணு ஸ்டூலில் நன்றாக ஏறி உட்கார்ந்து சொன்னாள்:

"எம்பேரு சின்னப்பொண்ணு. அன்னிக்கு ராத்திரி எனக்கும் வயிறு சரியில்ல. முனி வந்துது, நான் பாத்தேன். பனமரம் ஒசரம். அதுகிட்ட கோடாலி இல்ல. சடையன் வூட்டுல எரவல் வாங்கியாரச் சொல்லி மணியக்காரர அனுப்புச்சி. அவுருதான் வந்து வாங்கிக்கினு போனாரு, முனி எங்க காலனிப் பக்கம்லாம் வராது. எங்கூட்டுக்காரரு தூங்கினு இருந்தாரு. நான் பின்னாடியே போனேன். முனி மூணு வெட்டு வெட்டுச்சி. மரம் சாயல. 'கயித்த கட்டி இழுங்கடா'ன்னுச்சி. இழுத்தாங்க. மொத கயிறு மணியக்காரரு புடிச்சாரு."

அப்புறம் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். யார் எங்கே நின்றார், யார் மேல் சிராய் தெறித்தது, யார் நெருப்புப் பெட்டி கொடுத்தார், எல்லாம். இதில் ஒன்றையும் அவள் இட்டுக்கட்டவில்லை. அவரவர் கேசட்டில் அவரவர் சொன்ன இடத்திலேயே அவரவரை நிறுத்தினாள். ஒருவரையும் அரை அடிகூட நகர்த்தவில்லை. "அப்புறம் முனி கோடாலிய குத்திட்டு தெக்க பாத்து போயிடுச்சி. இவுங்க கயித்த சுருட்டிக்கினு மேற்க பாத்து ஓடினாங்க" என்று முடித்தாள்.

பகலவன் மறுபடி போட்டுக் கேட்டான். உயரம் ஒத்தது. வெட்டு ஒத்தது. திசை ஒத்தது. ஆட்கள் நின்ற இடம் அத்தனையும் ஒத்தது. விதிப்படி இது உறுதி. அவன் மனதில் எதுவோ இடறியது, ஆனால் விதியில் அதற்கு ஒரு தட்டு இல்லை. பல்லை உடைத்து, முப்பதோடு முப்பத்தொன்றாக வைத்தான். திரைச்சீலைக்குப் பின்னால் கமலா இருமுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இத போலீசு கேட்டா போட்டுக் காட்டுவீங்களா?"

"யாரு கேட்டாலும் காட்டுவேன். பொதுதான."

"அது போதுங்க. போற வழியில மணியக்காரர் வூட்டு ஜெயம்மா அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். அவுங்களுக்கும் இந்த முனி கதன்னா ரொம்ப இஷ்டம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் பொன்னுரங்கம் வந்தார். டிராக்டர் இல்லை, கூட்டம் இல்லை. கடை திறக்கும்வரை எதிர் டீக்கடையில் நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, அந்தப் பொம்பள இன்னாமோ சொல்லியிருக்காளாமே. போடு பாக்கலாம்."

போட்டான். மணியக்காரர் முதல் கயிறு பிடித்த இடத்தில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெயர்கள் வர வர, அவர் ஒவ்வொருவரையும் வாய்க்குள்ளேயே வைதுகொண்டிருந்தார். நெருப்புப் பெட்டி கொடுத்தவன் பெயர் வந்தபோது மட்டும் சத்தமாக, "இந்த நாயி ஏன் கிட்ட போயி நின்னான்? தூரமா நின்னேன்னு சொல்லித் தொலையறதுதான?" என்றார்.

பிறகு, "இத அழிச்சிடு" என்றார்.

"முடியாதுங்க. பல்ல ஒடைச்சிட்டேன்."

"யாரு பல்ல?"

பகலவன் கேசட்டைக் காட்டி விளக்கினான்.

"அந்த ஓட்டையில காயிதத்த அடைச்சா அழியும்னு எம்புள்ள சொன்னானே."

"அழியும்ங்க. ஆனா காப்பகத்துல அப்படிச் செய்யறதில்ல."

"சரி, எங்களுது முப்பதயும் சேத்தே அழிச்சிடு. முனியும் வேணாம் கினியும் வேணாம்."

"ஐயோ, அது எப்படிங்க? வருஷக்கணக்கா அலைஞ்சதுல எனக்கு உறுதியா கெடைச்சது அது ஒண்ணுதான்."

பொன்னுரங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவன் மிரட்டுகிறானா, விலை பேசுகிறானா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும் இல்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"யோவ், நீ நெசமாவே நம்பிட்டியா? முனியாவது மண்ணாவது. சடையன் வெட்டினான், நாங்க இழுத்தோம். மூணு வெட்டுல புளியமரம் சாயுமாய்யா? படிச்சவன்தான நீ?"

பகலவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பார். அதை நினைத்தபோது அவனுக்கு அழுகைகூட வந்தது. முப்பது பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். இரண்டே பேராக இருந்து, கொலுசுக்காக அடித்துக்கொண்டார்களே, அவர்களாவது எதையோ பார்த்திருப்பார்கள். இந்த முப்பது பேர் பார்த்தது போலீசை மட்டும்தான். இங்கே இப்படி இருக்க, சடையன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

அவன் எழுந்து, ஒரு புதுக் கேசட்டை டெக்கில் போட்டு, மைக்கை மணியக்காரர் பக்கம் திருப்பி வைத்தான்.

"இன்னாய்யா இது?"

"இப்ப சொன்னீங்களே, அதச் சொல்லுங்க. முன்ன சொன்னது பொய்யி, நடந்தது இதுன்னு சொன்னவரே வந்து சொன்னா, அந்தப் பழசெல்லாத்தயும் உறுதிலேர்ந்து எடுத்துடலாம். விதி இருக்குது."

அப்படி ஒரு விதி அதுவரை கிடையாது. அந்த நிமிஷம்தான் பிறந்தது. பகலவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யாகக்கூட அது இருக்கலாம். ஆனால் விதி என்றதும் வழக்கம்போல அவன் முகத்தில் ஒரு பயபக்தி வந்துவிட்டது. பொன்னுரங்கம் நம்பிவிட்டார். பாம்பைப் பார்ப்பது போல மைக்கைப் பார்த்தார்.

கமலா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்கண்ணா. இவுரு இப்படித்தான். என் புடவையயே வெளிய போட்டவரு, உங்களுக்காக கேசட்ட வெளிய போடுவாரா? நீங்க மைக்குல ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த சின்னப்பொண்ணு சொன்னத அவளே வந்து திருப்பி வாங்கிக்கினா ஆச்சி. அவளா வரமாட்டா. அவ வூட்டுக்காரரு இட்டுக்கினு வந்தா வருவா."

"அவன் டேசன்ல இல்ல இருக்கான்."

"ஆமாண்ணா" என்றாள் கமலா.

பொன்னுரங்கம் டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார்.

அதன்பிறகு நடந்ததைக் கடையில் பாட்டுப் பதிய வந்தவர்கள் சொல்லித்தான் பகலவன் தெரிந்துகொண்டான். மணியக்காரர் கட்சிக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ரோட்டு ஆபீசுக்கும் போனார். வெள்ளிக்கிழமை வந்த பெரிய அதிகாரிக்குக் காட்டிய காகிதத்தில், மூணுபுளி மரம் வயதாகி, உளுத்து, பலத்த காற்றில் தானாகச் சாய்ந்தது என்று இருந்ததாம். அந்த வாரம் முழுவதும் ஒரு வேப்பிலைகூட ஆடாத புழுக்கம். அப்படியானால் கோடாலி? போக்குவரத்துக்கு இடைஞ்சலாக விழுந்து கிடந்த மரத்தை அகற்ற, சடையன் என்பவர் பொதுநலம் கருதித் தாமாகவே கொண்டுவந்த கோடாலி. அதிகாரி படித்துவிட்டு, இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் தேவலை என்றாராம்.

சனிக்கிழமை சடையன் வந்தான். மெலிந்த ஆள், கை மட்டும் மண்வெட்டிக் காம்பு போல உறுதியாக இருந்தது. சின்னப்பொண்ணு கூட வந்திருந்தாள். மணியக்காரரோடு பேசியபடி தன்னுடையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் வந்தாள். பகலவன் முப்பத்தொரு கேசட்டையும் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தான். அவளுடையதை மட்டும் தேடி எடுத்துக் கொடுத்தான். மீதி முப்பது பற்றி அவள் கேட்கவில்லை. சாக்கை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

"அது பீரோவுக்குக் கீழ இருக்கட்டும் சார்" என்றாள். "எலெக்சன் கிலெக்சன் வரும்."

போகிற நேரத்தில் பகலவனுக்கு ஆசை விடவில்லை. இத்தனை வருஷம் மரம் வெட்டுகிறவன், எதையாவது பார்த்திருக்க மாட்டானா?

"சடையன், உங்களுக்கு எதுனா விளங்காத அனுபவம் உண்டா? மரத்துல, காட்டுல?"

"மரத்துல ஒண்ணும் இல்லீங்க. பயம்தான். பாத்ததில்ல." சடையன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஒண்ணு நடந்துதுங்க. இன்னான்னு இன்னும் வெளங்கல."

பகலவன் பட்டனை அழுத்தினான்.

"மொத ரெண்டு நாளு டேசன்ல எப்பவும் போலத்தாங்க. அடி, ஒத. அது தெரிஞ்சதுதான். வியாழக்கெழம காலைல எஸ்.ஐ. வந்தாரு. என்னப் பாத்து 'வாங்க'ன்னாரு. எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. 'உக்காருங்க'ன்னாரு. பெஞ்சில. டீ வந்துது. அவுரு குடிக்கிற மாதிரியே கண்ணாடி கிளாசு. அப்புறம் மணியக்காரரு வந்தாரு. எங்கிட்ட, 'சடையா, சாப்ட்டியா'ன்னாரு. வெளிய வந்ததும் டிராக்டர்ல ஏறி உக்காருன்னாரு. பின்னால டிரெய்லர்ல இல்லீங்க, அவுரு பக்கத்துல. ஊருல எறங்கினதும் எல்லாம் சரியாப் போச்சி. மறுபடி 'டேய்'தான். நடுவுல ரெண்டு நாழிக அது இன்னா பூந்துச்சி அவுங்களுக்குள்ளன்னு தெரியலீங்க."

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பழக்க தோஷம், பகலவன் கேட்டுவிட்டான்: "இத வேற யாரு பாத்தாங்க?"

"அந்த ரூமுல நான் மட்டுந்தாங்க இருந்தேன்."

"அப்ப இது தனிதான்..." என்று பகலவன் இழுத்தான்.

சின்னப்பொண்ணு வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"எத்தினி பேரு பாத்திருக்கணும்னு சொல்லுங்க சார், இட்டுக்கினு வரேன்."